குனிந்து நடக்கும் உத்தியோகம்

உத்தியோகம் என்றால் நாற்காலி, மேஜை, தலைக்கு மேல் ஒரு மின்சார விசிறி என்று நினைத்துப் பழகியவர்கள் நாம். பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனார், "பையனுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார். "மலையிலும் பொட்டலிலும் குனிந்த தலை நிமிராமல் நடப்பதுதான் வேலை, வருஷத்தில் ஆறு மாதம் சம்பளம் உண்டு" என்று பதில் வந்தால், அந்தத் தகப்பனார் கையிலுள்ள காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விடுவார். ஆயினும் அப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பகுதியில், நெவாடா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்ஸிகோ முதலிய ராஜ்யங்களில், பனி உருகும் காலம் தொடங்கி மறுபடியும் பனி விழும் காலம் வரையில், சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற வாலிபர்களும் யுவதிகளும் இந்த உத்தியோகத்தைப் பார்த்து வருகிறார்கள். புதைபொருள் ஆராய்ச்சியின் காலாட்படை என்று இவர்களைச் சொல்லலாம். தளபதிகளின் பெயர்கள் புத்தகங்களில் அச்சாகின்றன. காலாட்படையைப் பற்றி இந்த வாரம் கொஞ்சம் சொல்ல விரும்புகிறோம்.

புதைபொருள் ஆராய்ச்சி என்றவுடன் நேயர்களின் மனத்தில் எகிப்து தேசத்து அரசர் சமாதியும், அதற்குள்ளே பளபளக்கும் பொன்னும் தோன்றக் கூடும். நாம் சொல்லும் இவர்களோ பொன்னைத் தேடுவதில்லை. மேற்குப் பிரதேசத்தில் இவர்கள் மண்வெட்டியைப் பிடிப்பதுகூடக் குறைவு. நடப்பதுதான் இவர்கள் தொழில். ஏன் நடக்கிறார்கள், யார் இவர்களை நடக்கச் சொன்னார்கள் என்று கேட்டால், அதற்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு.

1888-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், கொலராடோ ராஜ்யத்தில் மாடு தேடிப் போன இரண்டு பேர், மேஸா வெர்டே என்னும் பீடபூமியில் ஒரு பெரிய மலைக் குகையின் வளைவுக்குள்ளே கல்லால் கட்டிய ஊர் ஒன்று அப்படியே நிற்பதைக் கண்டார்கள். நூறு அறைகளுக்கு மேற்பட்ட அந்தக் கட்டடம் அறுநூறு வருஷங்களாக ஆளில்லாமல் கிடந்தது. 1891-ல் நார்டென்ஷியோல்ட் என்னும் ஸ்வீடன் தேசத்து இளைஞர் அங்கே வந்து தோண்டினார். கவனமாகத்தான் தோண்டினார், படம் எடுத்து, அளந்து, பிற்பாடு நல்ல புத்தகமும் எழுதினார். ஆனால் கிடைத்த பானைகளையும், கூடைகளையும், செத்தவர்களின் எலும்புகளையும் ரெயிலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்ப முற்பட்டபோது உள்ளூர் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அவரைக் கைது செய்தார்கள். கைது செய்த பிறகுதான், எந்தச் சட்டத்தின் கீழ் இவரைத் தண்டிப்பது என்று தேடிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சட்டமே தேசத்தில் கிடையாது! ஆகவே அவரை விட்டு விட்டார்கள். சாமான்களும் கப்பல் ஏறின. பழம் பொருள்களைப் பாதுகாக்கும் முதல் சட்டம் 1906-ம் வருஷத்தில்தான் அந்த நாட்டில் பிறந்தது.

அந்தச் சட்டம் திருடனைத் தடுத்தது. ஆனால் திருடனைவிடப் பெரிய சத்துரு ஒருவர் பின்னால் வந்தார். அவர் பெயர் அபிவிருத்தி. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ராஜபாட்டைகளும், அணைக்கட்டுகளும், எண்ணெய்க் குழாய்களும் பெருகின. மலைகளை வெட்டினார்கள், பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தார்கள். 1963-ல் நியூயார்க் நகரத்தில் பென்ஸில்வேனியா ஸ்டேஷன் என்ற அழகான ரெயில்வே மாளிகையை இடிக்கத் தொடங்கியபோது, பட்டணத்து ஜனங்களுக்கும் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இவற்றின் பலனாக 1966-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி சரித்திரச் சின்னங்களின் பாதுகாப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதில் 106-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மத்திய சர்க்கார் தானாகச் செய்யும் வேலையானாலும், பணம் கொடுக்கும் வேலையானாலும், லைசென்ஸ் கொடுக்கும் வேலையானாலும், அதைத் தொடங்குவதற்கு முன்னால், அவ்விடத்தில் உள்ள பழைய சின்னங்களுக்கு என்ன கதி நேரும் என்பதை ஆலோசிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "அழிக்காதே" என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. "பாராமல் அழிக்காதே" என்றுதான் சொல்கிறது. பார்த்து, விசாரித்து, யோசித்த பிறகு அழிப்பதற்குத் தடையில்லை. ஆகையால் அந்தப் பார்வை ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். நெவாடா ராஜ்யத்தின் பூமியில் சுமார் 80 சதவீதம் மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. அதில் ஒரு சுரங்கமோ குழாயோ வருவதென்றால், யாராவது ஒருவர் அந்த இடம் முழுவதையும் காலால் நடந்து கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்த யாராவது ஒருவர்தான் நமது குனிந்து நடக்கும் உத்தியோகஸ்தர்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லுகிறோம். நாலைந்து பேர் ஒரே வரிசையில், ஒருவருக்கொருவர் 15 முதல் 30 மீட்டர் இடைவெளி விட்டு நிற்பார்கள். திசை காட்டும் கருவியைப் பார்த்துக் கொண்டு எல்லாரும் ஒரே திக்கில் நடக்கத் தொடங்குவார்கள். எல்லைக்குப் போய்ச் சேர்ந்ததும் வரிசையைத் தள்ளி அமைத்துக் கொண்டு திரும்பி நடப்பார்கள். நாற்று நடும் பெண்கள் வயலில் வரிசை பிடித்து நகர்வதை நினைத்துக் கொண்டால் போதும். வயல் மட்டும் சேறும் தண்ணீருமாக இராது. எதிரே செங்குத்தான சரிவு வந்தாலும், முள் அடர்ந்த பள்ளம் வந்தாலும், சுற்றிக் கொண்டு போகலாம் என்பது கிடையாது. கால் வைக்க முடிகிற இடமெல்லாம் கோடு தவறாமல் போக வேண்டும். நடக்கும்போது நாலு திசையும் வேடிக்கை பார்ப்பதற்கில்லை; கண் பூமியிலேயே இருக்க வேண்டும்.

பூமியில் என்ன இருக்கும்? பெரும்பாலும் கல். அந்தக் கற்களில் எது இயற்கையாக உடைந்தது, எது மனிதன் கையால் உடைக்கப்பட்டது என்று பிரித்து அறிவதுதான் முதல் பாடம். ஈட்டி முனை செய்தவன் கல்லைத் தட்டும்போது தெறித்து விழுந்த சில்லுகள், விரல் நகம் அளவில், பல்லாயிரம் வருஷங்களாக அங்கேயே கிடக்கின்றன. எரிமலைக் கண்ணாடிக் கல்லினால் ஆன சில்லாக இருந்தால் இன்னும் விசேஷம். எக்ஸ்-கதிர்களைக் கொண்டு சோதித்து, அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது என்றே சொல்லி விடுகிறார்கள். நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒருவன் அதைச் சுமந்து வந்தான், அல்லது யாரிடமோ பண்டமாற்றாக வாங்கினான் என்பது அதனால் தெரிய வருகிறது.

துருப்பிடித்த தகர டப்பாவும் இவர்களுக்குச் சாஸ்திரந்தான். டப்பாவின் மூடியை ஈயம் வைத்து அடைத்திருக்கும் மாதிரியைக் கொண்டு, அது எந்தக் காலத்து டப்பா என்று கணிக்கிறார்கள். ஊதா நிறமாக மாறிய கண்ணாடித் துண்டு கிடைத்தால், அது பெரும்பாலும் முதல் உலக யுத்தத்துக்கு முந்தியது. அக்காலத்துக் கண்ணாடியில் மாங்கனீஸ் என்ற உலோகத்தைக் கலந்ததனால் வெயில் பட்டுப் பட்டு அந்த நிறம் வருகிறது. உயர்ந்த மலைச் சோலைகளில் ஆஸ்பென் மரங்களின் வெள்ளைப் பட்டையில் பெயர்களும் தேதிகளும் சித்திரங்களும் செதுக்கப்பட்டிருக்கும். ஸ்பெயின், பிரான்ஸ் தேசங்களின் எல்லையிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இடையர்கள், கோடையெல்லாம் பேச்சுத் துணையில்லாமல் மரத்தோடு பேசியதற்கு அவையே சாட்சி. மரம் விழுந்தால் சாட்சியும் விழுந்து விடும்.

ஏதேனும் கண்ணில் பட்டால் கம்பியில் கட்டிய சிறு கொடியை அதன் பக்கத்தில் குத்துகிறார்கள். சற்று நேரத்தில் அந்தப் பொட்டலில் பத்துக் கொடியோ நூறு கொடியோ பூத்து விடும். செயற்கைக் கோள்களின் உதவியால் இடத்தைக் குறித்து, அளந்து, படம் எடுத்து, பாரங்களைப் பூர்த்தி செய்கிறார்கள். பிறகு கொடிகளைப் பிடுங்கிக் கொண்டு, பொருளைப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விட்டு விட்டு நடக்கிறார்கள். ஆம், அழகான அம்பு முனையானாலும் அங்கேயே விட்டு விடுவதுதான் வழக்கம். சட்டைப் பையில் போட்டுக் கொண்டால் அது வெறும் கல். கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சரித்திரம்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்குப் பெரிய திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. ஜார்ஜ் மக்ஜன்கின் என்பவர் அடிமையாகப் பிறந்த ஒரு நீக்ரோ. விடுதலை பெற்றபின் நியூ மெக்ஸிகோவில் மாட்டுப் பண்ணை ஒன்றில் மேற்பார்வைக்காரராக இருந்தார். 1908-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பால்ஸம் என்ற கிராமத்தைப் பெருவெள்ளம் அழித்தது. அதன் பிறகு வேலிகளைப் பார்வையிடப் போன மக்ஜன்கின், வெள்ளம் அரித்த ஓடைக் கரையில், தரைக்கு வெகு ஆழத்தில் பெரிய எலும்புகள் நீட்டிக் கொண்டிருப்பதைக் கண்டார். மாட்டெலும்பு இவ்வளவு ஆழத்தில் இராது. காட்டெருமையானாலும் இவ்வளவு பெரிதாக இராது என்று அவருக்குத் தோன்றியது. அதைப் பலரிடம் சொன்னார். 1922-ல் அவர் இறந்து போகும் வரையில் எந்த அறிஞரும் வந்து பார்க்கவில்லை. 1926-ல்தான் அங்கே தோண்டினார்கள். எலும்புகளோடு கல் ஈட்டி முனைகளும் கிடைத்தன. "எங்கிருந்தோ உருண்டு வந்து விழுந்திருக்கும்" என்று பண்டிதர்கள் தலையை ஆட்டினார்கள். அடுத்த வருஷம் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் ஈட்டி முனை பதிந்திருக்கக் கண்டபோது, தோண்டியவர்கள் அதைத் தொடவில்லை. அப்படியே விட்டு விட்டுத் தந்தி அடித்தார்கள். பண்டிதர்கள் ரெயிலேறி வந்து தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அமெரிக்காவில் பனியுகத்தின் இறுதியிலேயே, அதாவது 12,000 வருஷங்களுக்கு முன்னாலேயே, மனிதர்கள் வேட்டையாடி வாழ்ந்தார்கள் என்பது அன்று நிலைபெற்றது. எடுக்காமல் விட்டதனால் கிடைத்த வெற்றி அது. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில், பள்ளிக்கூடம் போகாத ஒரு மாட்டுக்காரருடைய கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்குச் சமீப காலத்துச் சம்பவம் ஒன்று. நெவாடாவில் கிரேட் பேஸின் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே 2014-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பழம் பொருள் தேடி நடந்து கொண்டிருந்தவர்கள், ஒரு ஜூனிப்பர் மரத்தில் துப்பாக்கி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார்கள். அது 1882-ல் செய்யப்பட்ட வின்செஸ்டர் துப்பாக்கி. கட்டை வெளுத்து, வெடித்து, மரத்தின் நிறமாகவே மாறியிருந்தது. அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. ஒருவன் அதை அங்கே சாய்த்து வைத்து விட்டுப் போனான், திரும்பி வரவில்லை. அவன் யார் என்பது இன்றளவும் ரகசியமாகவே இருக்கிறது. எத்தனையோ பேர் அந்த வழியே போயிருக்கலாம். மரத்தைப் பார்க்கிறவனுக்கு மரந்தான் தெரியும்.

இப்படிப்பட்ட கண்ணுக்கு உலகம் என்ன மரியாதை செய்கிறது? மத்திய சர்க்காரில் தாற்காலிகமாகச் சேர்க்கும் பருவகால ஊழியர்களுக்கு, ஒரு வருஷத்தில் 1,040 மணி நேரத்துக்குக் குறைவாகவே வேலை என்பது விதி. கணக்குப் பார்த்தால் அரை வருஷம். மற்றவர்கள் தனிப்பட்ட கம்பெனிகளில் ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். பத்து நாள் தொடர்ச்சியாக வேலை, நாலு நாள் ஓய்வு என்பது அங்கே சகஜமான ஏற்பாடு. கூடாரத்திலோ மலிவான விடுதியிலோ வாசம். தங்களைத் தாங்களே "ஷவல் பம்" என்று அழைத்துக் கொள்கிறார்கள். "மண்வெட்டிப் பரதேசி" என்று அதைத் தமிழாக்கலாம். இத்தனைக்கும் பட்டம் பெற வேண்டும். அதற்கு மேல் தோண்டும் முறையைக் கற்பதற்குக் கோடைப் பள்ளியில் தாங்களே பணம் கட்டிச் சேர வேண்டும்.

அபாயங்களும் இல்லாமல் இல்லை. பாறை இடுக்கில் வாலைக் கிலுகிலுப்பைபோல் ஆட்டிக் கொண்டு விஷப் பாம்பு படுத்திருக்கும். பழைய சுரங்க வாய்கள் புதருக்குள் மறைந்திருக்கும். கோடைப் பிற்பகலில் திடீரென்று மேகம் திரண்டால், மொட்டை மலை முகட்டில் நிற்கும் மனிதனே இடிதாங்கியாகி விடுவான். 1993-ல் நாலு ராஜ்யங்கள் கூடும் அந்தப் பிரதேசத்தில் பலரைக் கொன்ற நோயொன்று, எலியின் எச்சத்திலிருந்து பரவும் ஹாண்டா வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். அன்று முதல் பாழடைந்த குடிசைக்குள் தலையை நீட்டுவதற்கே யோசிக்க வேண்டியதாயிற்று.

ஆனால் பாம்பும் இடியும் அல்ல இந்த உத்தியோகத்தின் பெரிய சோதனை. பெரிய சோதனை ஒரு காகிதத்தில் இருக்கிறது. நடந்து முடிந்தபின் ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் எழுத வேண்டும்: "இங்கே இன்னது காணப்பட்டது" என்றோ, "ஒன்றும் காணப்படவில்லை" என்றோ.

இன்னது இருக்கிறது என்று எழுதினால், அதில் பிழை இருந்தாலும் திருத்துவதற்கு ஆட்கள் உண்டு. அனுபவசாலிகள் வருவார்கள், மறுபடியும் பார்ப்பார்கள், வாதாடுவார்கள். "ஒன்றுமில்லை" என்று எழுதினால் என்ன ஆகும்? சர்க்கார் அதிகாரிகள் அறிக்கையைப் பரிசீலிப்பார்கள். அவர்கள் முன்னால் இருப்பது காகிதமே தவிர பூமி அல்ல. பிறகு வருகிறவன் யந்திரத்தோடு வருகிறான். அவனுக்கு அடுத்தபடி பார்ப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது. ஆகவே, பத்தாவது நாள் பிற்பகல் நாலு மணிக்கு, கால் கொப்பளித்து, தண்ணீர்ப் புட்டியில் அடித்தண்ணீர் வெந்நீராகி, கூட நடப்பவர்கள் எல்லைக்குப் போய்ச் சேர்ந்து விட்ட சமயத்தில், கடைசி நூறு அடியையும் குனிந்தே நடக்கிறவனுடைய யோக்கியதையை நம்பித்தான் ஒரு தேசத்தின் சட்டம் நிற்கிறது. வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி நெருக்குவதற்கும் ஆட்கள் இருப்பார்கள். பல இடங்களில், சுரங்கம் வெட்டப் போகும் கம்பெனிதான் நடப்பதற்கும் கூலி கொடுக்கிறது என்பதை நேயர்கள் மறந்து விடக் கூடாது.

அதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். அரசர்களுக்கு நஷ்டமில்லை, அவர்களுக்குக் கல்வெட்டு உண்டு, காவியம் உண்டு. நஷ்டமெல்லாம் எழுதி வைக்காதவர்களுக்கு. அமெரிக்கக் கண்டத்தின் இரண்டு கரைகளையும் இணைத்த ரெயில் பாதை 1869-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி யூட்டாவில் பூர்த்தியாயிற்று. மேற்கிலிருந்து அதை ஸியெர்ரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்து போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்; ஆயிரக் கணக்கானவர்கள். அவர்களில் ஒருவர் தம் கைப்பட எழுதிய ஒரு கடிதமோ ஒரு நாட்குறிப்போ, தேடித் தேடியும் அறிஞர்கள் கைக்கு எட்டவில்லை. அவர்கள் தங்கிய இடத்தில் சிதறிக் கிடக்கும் உடைந்த சோற்றுக் கிண்ணமும், பழுப்பு நிறச் சாடியின் ஓடும், நடுவில் சதுரத் துளையுள்ள காசும்தான் அவர்கள் எழுதி வைத்த கடிதம். அந்த ஓட்டின்மேல் காலை வைத்துக் கடந்து போய் விட்டால் கடிதம் கிழிந்தது.

அந்த நாட்டின் பூர்வீகக் குடிகளுக்கோ இது இன்னும் நெருங்கிய விஷயம். பிறருக்குப் புதைபொருளாக இருப்பது அவர்களுக்குப் பாட்டன் வீடு. வெகு காலம் வரையில் அவர்களை யாரும் கேட்கவில்லை. 1990-ல் பிறந்த ஒரு சட்டம், மத்திய சர்க்காரின் காட்சிசாலைகளிலும், அதனிடம் பணம் பெறும் காட்சிசாலைகளிலும் அடைபட்டுக் கிடந்த முன்னோர்களின் எலும்புகளைத் திரும்பக் கேட்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தது. 1992-ல் செய்த திருத்தம், அவர்களுடைய சமயத்துக்கும் மரபுக்கும் முக்கியமான இடங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்கும்படி செய்தது. முன்னே நாம் சொன்ன மேஸா வெர்டே எலும்புகள் ஸ்வீடன் வழியாகப் பின்லாந்து தேசத்துக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஹோப்பி, ஸூனி முதலிய ஜனங்கள் விடாமல் கேட்டதன் பலனாக, சுமார் 20 பேருடைய எலும்புகளும், அவர்களோடு புதைத்த 28 பொருள்களும் 2020-ம் வருஷம் சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்து மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டன. ரெயிலில் ஏறிப் போனவர்கள் திரும்பி வர 129 வருஷம் ஆயிற்று. ஆனால் யந்திரம் நசுக்கிய பொருள் எத்தனை வருஷமானாலும் திரும்பி வராது.

"பாராத பயிரும் கேளாத கடனும் பாழ்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பயிர் பாழானால் அடுத்த போகத்தில் விதைத்துக் கொள்ளலாம். கடன் பாழானால் வேறு வழியில் சம்பாதித்துக் கொள்ளலாம். பூமியின் மேலே கிடக்கும் பழைய வாழ்வுக்கு மறுபோகம் என்பது இல்லை. அதைப் பார்ப்பதற்கென்று ஒரு தேசம் சட்டம் போட்டு ஆள் அனுப்புவது சிலாகிக்கத் தக்க காரியமே. அனுப்பப்படும் ஆளுக்கு வருஷம் முழுவதும் சோறு போட வழி செய்தால் அந்தச் சட்டம் இன்னும் சிறப்படையும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். எழுதத் தெரியாமல் போனவர்களின் கையெழுத்தை வாசிக்கிறவர்கள் அவர்கள்தான்.